கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை

ஜூலை 7, ஞாயிறு

இன்று திருவிருந்து ஞாயிறு, பந்தியில் அப்பமும் ரசமும் வாங்கும் நாள். ஆண்கள் பக்கம் விரித்த பாயில் பாதி காலி. முன்னெல்லாம் மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் வாசற்படி வரை ஆள் நிற்கும். இன்று பந்திக்கு வந்த தலைகளில் கறுப்புத் தலையைத் தேட வேண்டியிருந்தது. வாலிபர்கள் எங்கே என்று கேட்கவே வேண்டாம். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த அரிசி மில் இருக்கிறதே, அங்கேதான்.

பெனயா என்று ஒரு பாஸ்டர். மீசை இப்போதுதான் ஒழுங்காக முளைத்திருக்கிறது. கையில் மைக், பின்னால் டிரம்ஸ், கீபோர்டு. 'ஜீவநீர் ஜெபவீடு' என்று பலகை. அந்தப் பலகைக்கு நீல பெயிண்ட் என் கடையில்தான் வாங்கியிருக்கிறார்கள். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நெல் ஊறப்போடுகிற சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதில் ஆட்களை முக்கி எடுக்கிறார்கள். முழுக்கு ஞானஸ்நானமாம். பச்சைப் பிள்ளையாக இருந்தபோது நம் ஆலயத்தில் தலையில் தண்ணீர் தெளித்துக் கொடுத்தது செல்லாதாம். நெல்லைப் போல ஊறினால்தான் பரலோகமாம். போங்கடா!

இப்படியே விட்டால் இன்னும் கொஞ்ச நாளில் நானும் எங்கள் போதகர், சேகரகுரு கமாலியேல் ஐயாவும் மட்டும்தான் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆராதனை நடத்த வேண்டும். சபைச் செயலாளர் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன்.

என் வீட்டுக்காரி வயலட் இன்றும் பந்திக்கு வரவில்லை. முழங்கால் வலியாம், மண்டியிட முடியாதாம். வரும்போது தைலம் வாங்கிக் கொடுத்தேன். மைக் செட் வழக்கம்போல விசிலடித்தது.

ஜூலை 9, செவ்வாய்

மோட்டார் காயில் போய்விட்டது. மெக்கானிக் நாளைக்கு என்கிறான். குடத்தில் தண்ணீர் சுமந்தேன்.

வயலட் காலையிலேயே உடன்குடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். செவ்வாய்தோறும் போகிறாள். கூடப் பிறந்த பாசம், போகட்டும். சாயங்காலம் வந்தபோதுதான் கவனித்தேன், அவள் காதில் கம்மல் இல்லை.

"என்னட்டி, காது மொட்டையா கெடக்கு?"

"புண்ணாயிட்டு. கொஞ்ச நாளு போடாம இருக்கட்டும்."

வளையலும் இல்லை. கைக்கும் புண்ணா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மெக்கானிக் போன் செய்துவிட்டான்.

உள்ளறையில் அவள் ஜெபம் பண்ணும்போது இப்போதெல்லாம் மெல்லக் கைதட்டும் சத்தம் கேட்கிறது. கொசு மிதமிஞ்சிப் போய்விட்டது. கொசுவத்தி இரண்டு பாக்கெட் வாங்கி வைத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

தீர்மானம் நிறைவேறிவிட்டது!

ஆராதனை முடிந்து சபை மன்றம் கூடியது. நான் எழுந்து வாசித்தேன். வேறு இடத்தில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு நம் ஆலயத்தில் திருவிருந்து கிடையாது. செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. திரும்பி வர விரும்புகிறவர்கள் சபை நடுவே முழங்காற்படியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறும் பந்திக்கு முன் செயலாளர் இதை அறிவிப்பார்.

பொருளாளர் குணசீலன்தான் தொண்டையைச் செருமினார். "திருவிருந்து சரி அண்ணாச்சி. கல்லறை வேண்டாமே. செத்தவொகிட்டப் போயி என்ன ஒழுங்கு?"

அவருடைய அக்கா எமிலி அந்த மில்லுக்குப் போகிற கூட்டம். வலிக்கத்தானே செய்யும்?

"கல்லறையையும் விட்டுட்டா அப்புறம் நம்மகிட்ட என்னவே இருக்கு? அவனுவளுக்கு டிரம்ஸ் இருக்கு, கீபோர்டு இருக்கு. நமக்கு கல்லறைத் தோட்டந்தான். அங்க இடம் இல்லன்னாதான் ஒருத்தன் போறதுக்கு முன்ன ரெண்டு தரம் யோசிப்பான்."

ஐயா மெதுவாக, "ஜெபம் பண்ணிட்டு அடுத்த மாசம் முடிவெடுக்கலாமே" என்றார். "ஐயா, நீங்க மூணு வருசத்துல மாறிப் போயிருவிய. நாங்கதான் இங்கன கெடக்கணும்" என்றேன். கைகள் உயர்ந்தன. குணசீலன் மட்டும் கையை உயர்த்தவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை.

மத்தியானம் சோறு போடும்போது வயலட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"தீர்மானம் போடுறதுக்கு முன்னாலயே முங்குனவொளுக்குமா?"

"எல்லாருக்குந்தான். முன்னால என்ன, பின்னால என்ன?"

என் மோர்ச்சோற்றில் ரசத்தை ஊற்றிவிட்டாள். கவனம் எங்கேயோ. திட்டிக்கொண்டே தின்றேன்.

ஜூலை 18, வியாழன்

திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். இரண்டு மாதமாக அடிவயிறு வலி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிகிறது. கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டுமாம். கட்டியை வெளியே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியுமாம். ஆகஸ்ட் பதினாறாம் தேதி ஆபரேஷன். டாக்டரம்மா சிரித்த முகமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வயலட் வீட்டுக்குத் திரும்பாமல் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தாள். எங்கள் மூத்தவள் பாப்பாவின் கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து புல் பிடுங்கினாள். பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். அதற்குப் பிறகு ஷைனி பிறந்து, வளர்ந்து, கட்டிக் கொடுத்துக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஆனாலும் இந்தத் தோட்டக் கதவைத் திறக்கும்போது எனக்கு இன்றும் கால் தயங்கும்.

"பாப்பாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கன்னு அப்பமே சொல்லி வச்சமே. அது மாறாதுல்லா?"

"நான் செயலாளரா இருக்கயில எவன் மாத்துவான்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆபரேஷன் பயம் என்று நினைக்கிறேன். "ஒண்ணும் ஆவாதுட்டி" என்றேன். பிடுங்கிய புல்லை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

ஜூலை 23, செவ்வாய்

வயலட் தங்கை வீடு. நான் தோசை சுட்டேன். கரிந்தது.

ஜூலை 25, வியாழன்

கடையில் இருக்கும்போது உடன்குடி மச்சினி போன் செய்தாள். "அக்காவுக்கு ஆபரேஷனாமே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? இந்தப் பக்கம் வந்தே மாசக் கணக்காச்சே" என்றாள். அவளுக்குச் சர்க்கரை கூடுதல். மறதி வந்துவிட்டது போலிருக்கிறது, பாவம். செவ்வாய்க்கிழமைதான் வந்தாளே என்று சொன்னால் மனசு கஷ்டப்படுவாள் என்று, "சரிம்மா, வரச் சொல்லுதேன்" என்றேன்.

வயலட்டிடம் இதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கவலையில் இருக்கிறவளிடம் எதற்கு? சும்மா இருப்போம்.

ஆனால் தூக்கம் சரியில்லை.

ஜூலை 27, சனி

எமிலி அக்கா காலையில் இறந்துவிட்டாள். துணி காயப்போடும்போது கீழே விழுந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. செய்தி கேட்டதும் வயலட் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சொந்த அக்காள் செத்ததுபோல அழுகை. எமிலி அக்கா இருபது வருஷம் நம் சபையில் சண்டே ஸ்கூல் நடத்தியவள்தான், ஊரில் பாதிப்பேருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள்தான். ஆனால் வயலட்டுக்கு இவ்வளவு பழக்கம் எப்போது வந்தது?

பத்து மணிக்கு எமிலி அக்கா மகன் ராபின்சன் கடைக்கு வந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். கண் வீங்கியிருந்தது. கூடவே தாய்மாமன் குணசீலன்.

"அண்ணாச்சி, கல்லறைத் தோட்டச் சாவி தாங்க. எங்கப்பா பக்கத்துல குழி வெட்டணும்."

நான் என்ன செய்ய? தீர்மானம் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. முதல் ஆளுக்கே தளர்த்தினால் ஊர் சிரிக்காதா?

"தம்பி, உங்கம்மா எங்க போயி முங்குனாவன்னு ஊருக்கே தெரியும். சபை முடிவு என்னன்னு உங்க மாமாவுக்கும் தெரியும்."

"முங்குனா என்ன அண்ணாச்சி? எங்கம்மா இந்தக் கோயில்லதான பொறந்தாவ, இங்கதான கலியாணம் முடிச்சாவ? எங்கப்பா அங்க ஒத்தையில கெடக்காவ."

"அத அவொ போறதுக்கு முன்ன யோசிச்சிருக்கணும்."

"அப்ப உங்க வீட்டுல—" என்று ஆரம்பித்தான் அவன். குணசீலன் சட்டென்று அவன் தோளைப் பிடித்து, "வாலே, வா" என்று வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டில் என்ன? என் வீட்டில் சாவு விழுந்தாலும் சட்டம் ஒன்றுதான் என்று சொல்லியிருப்பேன். அதற்குள் போய்விட்டார்கள். பெயிண்ட் கலக்குகிற குச்சியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன். வாடிக்கையாளர் வந்து கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 28, ஞாயிறு

எமிலி அக்காவைக் குளத்தங்கரைப் புறம்போக்கில் அடக்கம் செய்தார்களாம். பெனயாதான் ஜெபம் பண்ணினானாம். லேசான தூறல் வேறு.

வயலட் சொல்லாமல் கொள்ளாமல் போய்வந்திருக்கிறாள். காலெல்லாம் செம்மண். வாசலில் கால் கழுவிவிட்டு நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாள். செயலாளர் பெண்டாட்டி அங்கே போய் நிற்கலாமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பழக்கத்துக்காகப் போயிருப்பாள்.

ஆலயத்தில் இன்று யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒரு தீர்மானத்தைச் சொன்னபடி செய்து காட்டினால் ஒரு மரியாதை வரத்தான் செய்யும். ஐயாவின் மனைவி ஐயரம்மா மட்டும் வந்து, "அம்மா எப்படி இருக்காவ?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். "அவொள நல்லாப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள். எல்லாருக்கும் ஆபரேஷன் விஷயம் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 1, வியாழன்

வயலட் பேச்சே இல்லை. "சாப்பிட வாங்க", "கதவச் சாத்துங்க", அவ்வளவுதான். மீன்காரி வாசலில் கத்துகிறாள், இவள் காதிலேயே விழவில்லை. நானே போய்ச் சாளை வாங்கினேன். கழுவத் தெரியாமல் கழுவினேன்.

ஆலயத்தில் அங்கி மாட்டுகிற வெஸ்ட்ரி அறையில் வவ்வால். அங்கிகள் மேலெல்லாம் எச்சம். ஆள் வைத்து விரட்டினேன். கல்லறைத் தோட்டக் கதவுக்கு வெள்ளி பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தேன். அடிக்க வந்தவன் ராபின்சனுக்குச் சேக்காளியாம், வேலை இல்லை என்று திரும்பிப் போய்விட்டான். போகட்டும், நானே அடிப்பேன்.

நெஞ்சுக்குள் என்னவோ பாரமாக இருக்கிறது. வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பந்திக்கு முன் மைக் பிடித்து அறிவிப்பை வாசித்தேன். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்கள் பந்திக்கு வர வேண்டாம் என்று கணீரென்றுதான் வாசித்தேன். மைக் செட்கூட இன்று விசிலடிக்கவில்லை. வாசித்து முடித்து நிமிர்ந்தால், ஆலயத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். பெண்கள் பக்கம், மூன்றாம் வரிசை. அங்கே வயலட் உட்கார்ந்திருக்கிறாள். தலையைக் குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். அவளைச் சுற்றி எல்லாரும் எழுந்து போக, வெறும் பாயில் அவள் மட்டும். அவளுக்கு இன்றைக்கு முழங்கால் வலி இல்லை. காலையில் ஆலயப் படியில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினாள், நான் பின்னாலிருந்து பார்த்தேனே.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் கேட்டேன். "ஏட்டி, நீ—"

"ஆமா" என்றாள். "பிப்ரவரியில."

"உடன்குடிக்குன்னு சொன்னியே."

"பொய்தான். அது தப்புதான். அதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கேன். முங்குனதுக்குக் கேக்க மாட்டேன்."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். அக்கம்பக்கம் ஜன்னல் எல்லாம் திறந்தது. அவள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் ஓய்கிறவரை காத்திருந்து பேசினாள்.

"பாப்பா செத்த நாளு பிப்ரவரி பத்து. நீங்க அன்னைக்கு கடைக்குப் போயிருவிய. நான் கோயில்ல போயி உக்காந்திருப்பேன். வருசா வருசம் உக்காந்திருப்பேன். ஒருத்தரும் ஏன்னு கேட்டதில்ல. இந்த வருசம் எமிலி அக்கா அந்த வழியாப் போனவொ, என்னையப் பாத்துட்டு உள்ள வந்தாவ. 'இன்னைக்கு சுகிர்தாவுக்குல்லா'ன்னு கேட்டாவ. அவொ சொல்லிக் கொடுத்த பிள்ளைல்லா, பேரு ஞாபகம் வச்சிருந்தாவ. எத்தன வருசமாச்சி அந்தப் பேர ஒரு வாய்ல கேட்டு! நீங்ககூட பாப்பா பாப்பான்னுதான சொல்லுவிய. எங்கூட உக்காந்து அழுதாவ. பேரச் சொல்லி ஜெபம் பண்ணுனாவ. அவொ போற எடத்துக்கு நானும் போனேன். அவ்வளவுதான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அவொளக் குளத்தங்கரையில கொண்டு போட்டிய. என்னையும் அங்கதான கொண்டு போவிய? பதினாறாந் தேதி எனக்கு என்ன ஆவும்னு யாருக்குத் தெரியும்? சொல்லுங்க. எனக்கு பாப்பா பக்கத்துல இடம் உண்டா, இல்லையா?"

செயலாளர் நான். தீர்மானம் எழுதியவன் நான். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

கடை திறக்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

கமாலியேல் ஐயா வீட்டுக்குப் போனேன். ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். சபை நடுவே வேண்டாம். ஐயா வீட்டிலேயே, அவர் முன்னாலேயே வயலட் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், நான் அதைத் திரும்பச் சேர்ந்ததாக எழுதிக்கொள்கிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஐயா காபியை என் பக்கம் நகர்த்தினார். "யாருக்குத் தெரிய வேண்டாம்ங்கிய அண்ணாச்சி?"

"ஊருக்குத்தான்."

"ஊருக்கு பங்குனியிலயே தெரியும். அம்மா எங்கிட்ட போன மாசமே வந்து சொல்லிட்டாவ. தீர்மானம் வாசிச்சியல்லா, அதுக்கு முந்தின நாளு."

"அப்ப ஏன் ஐயா நீங்க ஒண்ணுஞ் சொல்லல?"

"ஜெபம் பண்ணிட்டு முடிவெடுக்கலாம்னு சொன்னனே. நான் மாறிப் போறவன்னு சொல்லிட்டிய." அதில் குத்தல் இல்லை, அதுதான் இன்னும் குத்தியது. "நான் தைரியமாச் சொல்லியிருக்கணும் அண்ணாச்சி. எனக்கும் பயந்தான். இருக்கிற கொஞ்சம் பேரும் போயிருவாவளோன்னு."

குணசீலனுக்குத் தெரியும். ராபின்சனுக்குத் தெரியும். ஐயரம்மாவுக்குத் தெரியும். ஷைனிக்குக்கூடத் தெரியுமாம், போனில் கேட்டேன். "அப்பா, அந்தச் சபையில நகை போட மாட்டாவ. அம்மா கம்மல கழட்டி ஆறு மாசமாச்சு. நீங்க காதுப் புண்ணுன்னு நம்புனதுதான் ஆச்சரியம்" என்றாள். நான் நம்பினேனா? தெரியவில்லை. நம்பிக்கொண்டால் நன்றாக இருந்தது.

வயலட்டிடம் ஐயா வீட்டு யோசனையைச் சொன்னேன். "எதுக்கு மன்னிப்பு? தண்ணியில முங்குனதுக்கா?" என்று கேட்டுவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்பது நாள்தான். ஒரு மனுஷனுக்கு ஒரு கவலை போதாதா?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவசரமாகச் சபை மன்றத்தைக் கூட்டினேன். தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். சபையில் பிளவு வரக் கூடாது, அன்புதான் பெரிது, காலம் மாறிவிட்டது என்றெல்லாம் ஒரு பத்து நிமிஷம் பேசினேன். வயலட் பெயரை நான் எடுக்கவில்லை. மற்றவர்களும் எடுக்கவில்லை.

கைகள் எல்லாம் உடனே உயர்ந்தன. எனக்கு அப்பாடா என்று இருந்தது. போன மாதம் தயங்கித் தயங்கி உயர்ந்த அதே கைகள். சிலர் புன்னகைகூடச் செய்தார்கள். "நல்ல முடிவு அண்ணாச்சி." "வீட்டுக்காரி சீக்கிரம் சுகமாவட்டும் அண்ணாச்சி."

குணசீலன் மட்டும் கையைத் தூக்கவில்லை.

"என்ன குணசீலன், நீங்கதான மொதல்ல கல்லறை வேண்டாம்னிய? இப்பம் சந்தோசந்தான?"

அவர் எழுந்து நின்றார். குரல் உயரவே இல்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தீர்மானம் ரத்துன்னா, எங்க அக்காள தோண்டி எடுத்துட்டு வரலாமா அண்ணாச்சி?"

ஐயா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல, கேக்கேன். எங்க அத்தான் பக்கத்துல இடம் காலியாத்தான இருக்கு? இடம் இல்லாமலா அனுப்புனிய? உங்க வீட்டுக்குன்னு வரும்போது ஒரே வாரத்துல தீர்மானம் போயிட்டு. எங்க அக்கா ரெண்டு வாரம் முந்திச் செத்துட்டாவ. அதுதான் அவொ செஞ்ச தப்பு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கூட்டம் ஜெபத்தோடு முடிந்தது என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன். ஜெபம் யார் பண்ணினார், என்ன சொன்னார், எதுவும் என் காதில் விழவில்லை.

வீட்டில் வயலட் வாசலிலேயே நின்றாள். "என்ன ஆச்சு?"

"ரத்தாயிட்டு. உனக்கு இடம் உண்டு."

அவள் முகம் மலரும் என்று நினைத்துக்கொண்டே வந்திருந்தேன். "எமிலி அக்காவுக்கு?" என்றாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் எமிலி அக்காவைப் பார்க்க வேண்டும் என்றாள் வயலட். சரி என்று கூட்டிக்கொண்டு போனேன். குளத்தங்கரையில் உடைமரத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்மேடு. சிலுவைகூட இல்லை. நாய் தோண்டாமலிருக்க முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். மழையில் மேடு ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என் கையால் கொஞ்சம் மண்ணை அள்ளிப் போட்டுத் தட்டினேன். முள் கிழித்தது.

திரும்பும் வழியில் ராபின்சன் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில் "தம்பி, நான் செஞ்சது தப்பு" என்று மட்டும்தான் வாயில் வந்தது. ஆட்டோவுக்கு அடியில் படுத்து என்னவோ முடுக்கிக்கொண்டிருந்தவன் வெளியே வரவேயில்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன அண்ணாச்சி? நான் அன்னைக்கு உங்க கால்ல விழல, அவ்வளவுதான். விழுந்திருக்கலாம்னு தெனமும் நெனைக்கேன்."

வயலட் உள்ளே போய் அவன் பெண்டாட்டியோடு உட்கார்ந்துகொண்டாள். நான் வெளியே ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஷைனி இங்குமங்கும் நடக்கிறாள்.

கொண்டுபோகுமுன் நகையெல்லாம் கழற்றித் தரச் சொன்னாள் நர்ஸ். கழற்ற என்ன இருக்கிறது? தாலி மட்டும்தான். அதை என் கையில் வைத்துவிட்டு வயலட் சொன்னாள்:

"ஒண்ணு சொல்லுதேன், கோவிக்கக் கூடாது. எனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா என்னைய எமிலி அக்கா பக்கத்துல வைங்க."

"என்னட்டி பேசுத? தீர்மானந்தான் போயிட்டே. பாப்பா பக்கத்துல உனக்கு—"

"எனக்கு இருக்கு. அவொளுக்கு இல்லல்லா. எனக்காக மாத்துன தீர்மானத்துல நான் போயிப் படுக்க மாட்டேன். படுத்தா எனக்கு நிம்மதி இருக்காது." என் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. "நீங்க பாப்பா பக்கத்துல இருங்க. அவ ஒத்தையில கெடக்கக் கூடாது. நீங்க அங்க, நான் குளத்தங்கரையில. சரின்னு சொல்லுங்க."

கட்டிலைத் தள்ள ஆள் வந்துவிட்டது. "சொல்லுங்க" என்றாள் மறுபடி. சரி என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளைக் குளத்தங்கரை முள்ளுக்குள் விட்டுவிட்டு நான் எப்படிச் சுவர் கட்டிய தோட்டத்தில் படுப்பேன்? நானும் அவளோடு போகலாம், யார் தடுப்பார்கள்? போனால் பாப்பாவிடம் யார் இருப்பது? அவளுக்கு இருட்டென்றால் பயம். விளக்கை அணைத்தால் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து படுத்துக்கொள்வாள். ஆண்டவரே, ஒரே ஒரு தீர்மானம். நல்லதற்கென்று நினைத்துத்தானே எழுதினேன்.

மாலை 4 மணி

டாக்டரம்மா வந்தாள். நல்லபடியாக முடிந்ததாம். கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம், பார்த்தால் கெட்டதாகத் தோன்றவில்லையாம், ஆனாலும் முடிவு வந்தால்தான் நிச்சயமாம். ஷைனி என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

இருவரையும் உள்ளே விட்டார்கள். மயக்கம் முழுதும் தெளியவில்லை. கண்ணைப் பாதி திறந்தாள். வலிக்குதா என்று கேட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். உதட்டை நனைத்துக்கொண்டு, நாக்குக் குழற, மெல்லக் கேட்டாள்.

"சரின்னு சொன்னியல்லா?"

"சொன்னேன்" என்றேன்.

"மாத்த மாட்டியல்லா?"

"மாத்த மாட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்திருக்கிறேன்.